பால் சொசைட்டி வாசலில் இளங்கொடி கேட்டவள்

காலை ஆறு மணிக்கு வாலிகண்டபுரத்துப் பால் சொசைட்டி வாசலில் நின்று, பால் ஊற்ற வருகிறவர்களிடம் ஒவ்வொருவராக, "உங்க மாடு கன்னு போட்டா இளங்கொடிய எனக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்ட பெண் நான்தான். இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, தோளில் ஜோல்னாப் பை, கையில் தெர்மோகோல் பெட்டி. யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "எந்த ஊரு மந்திரவாதிகிட்ட வேல பாக்குற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சைக்கிளை மிதித்துப் போனார்.

கன்று பிறந்த சில மணி நேரத்தில் பின்னாலேயே விழுகிற நஞ்சுக்கொடியைத்தான் இளங்கொடி என்பார்கள். அதை நாய் இழுத்துவிடக் கூடாது. வைக்கோலில் சுற்றி, பழைய சாக்கில் கட்டி, ஆலமரக் கிளையில் தொங்கவிட வேண்டும். ஆலமரம் பால் வடிகிற மரம் என்பதால் மாட்டுக்கும் மடி நிறையும் என்று நம்பிக்கை. எனக்கு அந்த மரத்தைப் பார்த்தாலே வயிறு எரியும். என் முனைவர் பட்டம் அங்கே மூட்டை மூட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இது இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நடந்தது. பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி மாடியில் எங்கள் ஆய்வகம் இருந்தது. திசுப் பொறியியல் என்பது, உடம்பில் கெட்டுப்போன இடத்தில் புதுத் தோலையும் புது எலும்பையும் வளர வைக்கப் பார்க்கிற படிப்பு. என் அம்மா சொந்தக்காரர்களிடம், "டாக்டருக்குப் படிக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அவர்கள் உடனே என்னிடம் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்பார்கள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கேட்பார்கள்.

இளங்கொடியோடு சேர்ந்து வருகிற பனிக்குடத்தின் உள்பக்கம் வெங்காயத் தோல் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதைப் பிரித்தெடுத்து, அதிலிருக்கிற மாட்டின் செல்களை எல்லாம் கழுவி நீக்கிவிட்டு, வெறும் சவ்வின் மேல் தோல் செல்களை விதைத்து வளர்ப்பது என் வேலை. கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரி, செல்கள் பிடித்து ஏறுவதற்கு அந்தச் சவ்வு. தீக்காயத்தின் மேல் அதை ஒட்டினால் தோல் சீக்கிரம் மூடும் என்பது நாங்கள் நம்பிய நம்பிக்கை. மனிதச் சவ்வுக்குப் பெரிய ஆஸ்பத்திரியும் பெரிய அனுமதியும் வேண்டும், அது எங்கள் கல்லூரிக்கு எட்டாது. அதனால் மாடு. விதைக்கிற செல்கள் கறிக்கடையில் வாங்கிய ஆட்டுக் காதிலிருந்து வரும்.

கறிக்கடை வேலையை என்னோடு படித்த நண்பன் பார்த்துக்கொண்டான். அவன் ஏலாக்குறிச்சிப் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அவனுடைய ஆராய்ச்சி எலும்பு. ஆட்டுக்கால் எலும்பைச் சுட்டுப் பொடித்து, அதில் கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி செய்து, அதில் எலும்புச் செல் வளர்ப்பான். கடைக்காரர் அவனைச் சூப்புக்கடை நடத்துகிறவன் என்று வெகுநாள் நினைத்திருந்தார். நல்லவன், பொறுமைசாலி, என் கத்தலை எல்லாம் சிரித்தபடி கேட்டுக்கொள்வான். ஒரே ஒரு பழக்கம்தான் எனக்குப் பிடிக்காது. செல்கள் வளர்கிற இன்குபேட்டர் கதவைத் திறக்கும் முன் சிலுவை போட்டுக்கொள்வான். ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கிளவுஸ் கையால் நெற்றி, மார்பு, தோள் எல்லாம் தொட்டுவிட்டுக் கதவைப் பிடித்தால் என்ன ஆகும்? "சாமிய மனசுக்குள்ள கும்புடுடா, மறுபடி கையத் துடை" என்று கத்துவேன். துடைப்பான். துடைத்துவிட்டு மறுபடி சிலுவை போடுவான்.

எங்கள் சார் அரியலூர்க்காரர். தினமும் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போவார். குரலை உயர்த்தவே மாட்டார், அதுவே பயமாக இருக்கும். "மூணு மாடும்மா, மூணு தடவ. ஒரு தடவ வந்தா அது உன் அதிர்ஷ்டம். ரெண்டு தடவ வந்தா எனக்குச் சந்தேகம். மூணாவதும் வந்தாத்தான் வெளிய சொல்லலாம்" என்பார். வேறு வேறு மூன்று மாடுகளின் சவ்வில் செல் பிடித்து வளர்ந்தால்தான் ஆய்வேட்டை எழுத உட்கார விடுவார். பல்கலைக்கழகம் எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை அவகாசம் நீட்டித்துவிட்டது. அதுவும் அந்த டிசம்பரோடு முடிகிறது.

முதல் மாடு சாருடைய வீட்டு மாடுதான். கொடுக்கச் சம்மதித்தது சாரின் மனைவி, சம்மதிக்காதது சாருடைய அம்மா. நான் வேலையை முடித்துப் பெட்டியோடு அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்வரை அந்த அம்மாள் கூடத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைத் தட்டி, "மீனா?" என்றார். "ஐஸ்கிரீம்" என்றேன். அந்தச் சவ்வில் செல்கள் அழகாகப் பிடித்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது நண்பன் சேசுவே என்றான், நான் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை அறைந்தேன். சார் வீட்டில் மட்டும் அந்தப் பசு ஒரு டம்ளர் பால் குறைத்துவிட்டதாக இன்றுவரை என் பேரில்தான் பழி.

அதற்குப் பிறகு மாடு கிடைக்காமல்தான் சொசைட்டி வாசலுக்கு வந்தேன். எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கு?" என்று கேட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வீட்டில் அவரும் ஒரு பசுவும்தான்.

நான் சொன்னேன். செல், சவ்வு என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தி, தீப்பட்ட இடத்தில் ஒட்டுகிற தோல் என்றேன்.

"ஸ்டவ்வு வெடிச்ச பொண்ணுங்களுக்கா?"

"ஆமாக்கா. ஆனா இப்பவே இல்ல. இன்னும் எத்தனையோ வருசம் ஆவும்."

"ஆவட்டுமே" என்றார். "என் மாடு இப்பத்தான் செனை. எதுத்த வூட்டு மாடு நாளைக்கோ நாளான்னைக்கோ போட்டுரும். நான் வாங்கித் தரேன்."

எதிர் வீட்டில் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தார் என்று தெரியாது. சொன்ன மாதிரியே பால் வண்டிக்காரர் மூலம் சேதி வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் கொடி விழுந்து, எனக்காகக் காத்திருந்தது. துலக்கிய பித்தளை அண்டாவில், வாழையிலை போட்டு மூடி. இலையை எடுத்தேன். உள்ளே பளிச்சென்று மஞ்சள்.

"நீ சுத்தமா வேணும்னு சொன்னியா, அதான் மஞ்சத் தண்ணில மூணு வாட்டி அலசிட்டேன். வேப்பெலையும் போட்டேன். ஒரு பூச்சி பொட்டு அண்டாது" என்றார். முகமெல்லாம் பெருமை.

வாயில் வந்ததை எல்லாம் முழுங்கினேன். என் வாழ்நாளிலேயே நான் கோபத்தை முழுங்கிய வெகு சில நாட்களில் அது ஒன்று. பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்து, உப்புக் கரைசலில் திரும்பத் திரும்பக் கழுவினோம். கரைசல் மஞ்சளானதே தவிர, சவ்வு வெள்ளையாகவில்லை. எதற்கும் பார்ப்போம் என்று நண்பன் செல்களை விதைத்துப் பார்த்தான். எல்லாம் உருண்டு மிதந்துவிட்டன. அவ்வளவு மஞ்சளை எந்தச் செல் தாங்கும்? "கல்யாணப் பொண்ணு கணக்கா இருக்கு, வீசறதுக்கே மனசு வரல" என்றான் நண்பன். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுவாரம் போய், மஞ்சள் கூடாது, வேப்பிலை கூடாது, தண்ணீர்கூட வேண்டாம், கையே படக்கூடாது, கிழியாமல் முழுசாக இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தினேன். அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டார். தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அது எனக்குத் தாங்கவில்லை. அதனால் என் கஷ்டத்தை எல்லாம் சொன்னேன், சாருடைய மூன்று மாட்டுக் கணக்கையும், டிசம்பரோடு அவகாசம் முடிவதையும். "இந்த வருசத்த விட்டா எனக்கு வேற வருசம் இல்லக்கா. அஞ்சு வருசம் படிச்சதெல்லாம் அப்புடியே போயிரும்" என்றேன். ஆறுதலுக்குச் சொன்ன பேச்சுதான்.

அன்றிலிருந்து அந்த அம்மா என் ஏஜெண்ட் ஆகிவிட்டார். கிழக்குத் தெருவில் ஒரு எருமை சினை என்பார். எருமை வேண்டாம் என்றால், "ஏன், அதுக்குத் தோல் இல்லியா?" என்பார். அவர் பேசிப் பேசியே அதே தெருவில் இன்னொரு வீட்டுப் பசுவின் கொடி கிடைத்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, விழுந்தவுடன் எடுத்தேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார், தொட்டுவிடுவோமோ என்ற பயத்தில். அந்தச் சவ்விலும் செல்கள் பிடித்தன. சார் பார்த்தார், "சந்தேகம் வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். மூன்றாவதுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்த அம்மாவின் சொந்தப் பசு. கார்த்திகை மாதக் கடைசியில் நாள் சொல்லியிருந்தார்கள்.

சேதி வந்த காலையில் தூறல். நண்பன் ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைத்து வாங்கிவந்தான், அவன் டி.வி.எஸ் ஃபிப்டியிலேயே இரண்டு பேரும் போனோம். விடியற்காலையில் கிடாரிக் கன்று போட்டிருந்தது. கன்று எழுந்து நின்று தள்ளாடிக்கொண்டிருந்தது. கொடி பாதி வெளியே தொங்கியது, விழவில்லை.

"விழுந்துரும், ஒக்காரு" என்று சாக்கை விரித்துப் போட்டார். கொடி சீக்கிரம் விழும் என்று மூங்கில் தழை ஒடித்துவந்து பசுவுக்குக் கொடுத்தார். எங்களுக்கு இட்லி கொடுத்தார். பத்து மணிக்கும் விழவில்லை. மதியத்திலும் விழவில்லை. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "டாக்டரக் கூப்புட்டுக் காட்டலாமுல்ல?" என்றார். "சில மாட்டுக்கு நேரமாவும்" என்று அந்த அம்மா அவரை அனுப்பிவிட்டார். நானும் கேட்டேன். எனக்கும் அதே பதில். மாட்டைப் பற்றி எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டின் ஒரு சவ்வு மட்டும்தான். வெளியே தொங்குகிற பகுதி ஏற்கெனவே வீண், உள்ளே இருப்பது முழுசாக வந்தால் போதும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணி சுமாருக்குப் பசு படுத்துவிட்டது. தலையைத் திருப்பி விலாவில் சாய்த்துக்கொண்டது. தழையை முகத்தருகே நீட்டினாலும் மோந்துகூடப் பார்க்கவில்லை. காதைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. கன்று வந்து தாயின் வயிற்றை முட்டியது, பசு திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, இது சரியில்ல. டாக்டரக் கூட்டிட்டு வந்துடலாம்."

"இன்னும் செத்த நேரம் பாப்பம் புள்ள."

"எதப் பாக்குறது? மாடு சாகப்போவுது!"

டாக்டர் வந்தால் கையை விட்டுத்தான் எடுப்பார், துண்டு துண்டாகத்தான் வரும், மூன்றாவது சவ்வு போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நண்பனைப் பார்த்துக் கத்தினேன். "வண்டிய எடுடா!" அந்த அம்மா வேண்டாம் என்கிற மாதிரி கையை நீட்டினார். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் போய்விட்டான்.

அவன் திரும்பி வரும்வரை நானும் அந்த அம்மாவும் பசுவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாக்கால் தேய்த்துக்கொண்டே இருந்தோம். எனக்கு அந்த அம்மா மேல் அப்படி ஒரு கோபம். வீட்டில் இருப்பதே ஒரு பசு, அதைக்கூடப் பார்க்கத் தெரியாதா என்று.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தவுடன், சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டது என்றார். பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி என் கையில் கொடுத்து, கழுத்து நரம்பில் ஊசியைப் போட்டார். "அரியலூரச் சுத்தி எங்க தோண்டினாலும் சுண்ணாம்பு, இந்த மாட்டுக்கு மட்டும் இல்லியா?" என்றான் நண்பன். பயத்தில் அவனுக்கு இப்படித்தான் ஏதாவது வரும். பாட்டில் இறங்க இறங்கப் பசுவின் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. ஒரு ஏப்பம் விட்டது. மூக்கில் ஈரம் வந்தது. முன்னங்காலை மடக்கி, உந்தி, எழுந்தே நின்றுவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் தோள் வரைக்கும் உறை போட்டுக்கொண்டு கொடியை எடுத்தார். துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒவ்வொன்றும் வாளியில் சொத்தென்று விழுந்தது. தெர்மோகோல் பெட்டியை நண்பன் மெல்லக் காலால் தள்ளிச் சுவரோரம் வைத்தான்.

"காலையிலேர்ந்து இப்புடி இருக்கு, ஏம்மா கூப்புடல?" என்று டாக்டர் அதட்டினார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா மாட்ட மறந்துடவேண்டியதுதான். நீ என்ன இன்னைக்கா மாடு வளக்குற?"

அந்த அம்மா வாளியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க கைய விட்டா பிச்சுப் பிச்சுத்தான் சார் வரும். இந்தப் புள்ளைக்கு முழுசா வேணும். அதான் தானா விழட்டும்னு பாத்தேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். காலையிலிருந்து அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு வேறு எதுவும் பேசத் தெரியாததால் கத்தினேன்.

"உங்களுக்குப் பைத்தியமாக்கா? மாடு செத்துருந்தா?"

"செத்துருந்தா அழுதுருப்பேன். அப்பறம் எப்புடியாவது இன்னொன்னு புடிச்சிருப்பேன்." அவர் குரலே உயரவில்லை. "உனக்குத்தான் இந்த வருசத்த விட்டா வேற வருசம் இல்லன்னியே."

பசுவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அதுவும் சும்மா நின்றது. என் அம்மாவைத் தவிர எனக்காக இப்படி ஒருத்தர் இருந்ததில்லை. அம்மாவிடம்கூட இவ்வளவு பணயம் வைக்கச் சொல்ல எனக்கு மனசு வந்திருக்காது.

சார் பல்கலைக்கழகத்துக்கு மறுபடி எழுதிக் கொஞ்சம் அவகாசம் வாங்கியதும், அதே ஊரில் வேறொரு பசுவிடமிருந்து மூன்றாவது சவ்வு கிடைத்ததும், பட்டம் வந்ததும் எல்லாம் அப்புறம் நடந்தவை. அன்று சாயங்காலம் அதில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. என் படிப்பு முடிந்துபோனது என்றுதான் அந்த அம்மாவும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

நண்பன் டாக்டரைக் கொண்டுபோய் விடப் போனதால் நான் பஸ்ஸில் போகவேண்டியிருந்தது. அந்த அம்மா மெயின் ரோடு வரைக்கும் கூடவே வந்தார். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, தூறலில் நின்றார்.

"ஒங்க சாரு திட்டுவாரா?"

"திட்ட மாட்டாருக்கா."

"திட்டுனா சொல்லு. மாட்டுக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சு, புள்ள மேல ஒரு தப்பும் இல்ல, மாட்டுக்காரம்மாவே சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லு."

"சரிக்கா."

"எங்க, எப்புடிச் சொல்லுவ, சொல்லு பாப்பம்."

"மாட்டுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு சார், என் மேல தப்பு இல்ல சார்" என்று இருபத்தேழு வயதில் அந்த ரோட்டோரத்தில் நின்று ஒப்பித்தேன். "ம், அழாமச் சொல்லணும்" என்றார். பெரம்பலூர் பஸ் வந்து நின்றது, ஏறிக்கொண்டேன்.